பன்னிரண்டு எண்களும் ஒரு வரிசையும்

கணிப்பொறியின் நினைவகத்தில் கட்டம் போட்ட அட்டவணை என்று ஒன்று கிடையாது. அது ஒரே நீளத் தெரு. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நிற்கும். நாம் எழுதும் இருபரிமாண அணி அதனுள் நுழையும்போது தட்டையாகியே தீரவேண்டும். எந்த ஒழுங்கில் என்பதுதான் கேள்வி.

1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி நிரல் நிரலாக அடுக்கும். 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி நிரை நிரையாக அடுக்கும். பைத்தானில் நாம் பயன்படுத்தும் நம்பை நூலகமும், வேறு சொல்லாதவரை, சி மொழியின் வழியே செல்லும். (நிரல் என்றால் இன்று புரோகிராம் என்றும் பொருள், நான் சொல்வது கணக்குப் புத்தகத்து நிரலை.)

செய்முறை வகுப்பில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். மூன்று மாணவர், நான்கு பாடம்; நிரைக்கு ஒரு மாணவர்.

71 64 58 80
45 39 52 61
90 88 77 93

இதைப் பாடவாரியாக, 4 நிரை 3 நிரலாக மாற்ற வேண்டும். 'ரீஷேப்' கட்டளைக்கு 4, 3 என்று கொடுத்தேன். வடிவம் சரியாக வந்தது. கூட்டுத்தொகை 818, அதுவும் மாறவில்லை. மகிழ்ந்துபோனேன். பிறகுதான் இரண்டாம் நிரை கண்ணில் பட்டது: 80 45 39. இரண்டாம் பாடத்தில் 39 பெற்றுத் தவறியவர் 45 பெற்றுத் தேறிவிட்டார்; 88 பெற்ற மூன்றாம் மாணவர் 39-இல் தோற்றுவிட்டார்! கற்பனை மதிப்பெண்கள்தாம். ஆயினும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு அந்த 39 சிறிய எண்ணாகத் தோன்றவில்லை.

காரணம் இதுதான்: ரீஷேப் வரிசையைத் தொடுவதே இல்லை. 71, 64, 58, 80, 45 என்று ஓடும் தெருவை மும்மூன்றாக வெட்டித் தருகிறது, அவ்வளவே. எண்ணிக்கையைப் பூச்சியத்தில் தொடங்கினால், மாணவர் 2, பாடம் 1 இருக்கும் இடம் 4×2+1, அதாவது 9; அங்கே 88 உள்ளது. ரீஷேப் செய்தபின் அதே மதிப்பெண்ணைத் தேடினால் 3×1+2, அதாவது 5-ஆம் இடத்திற்குப் போகிறோம்; அங்கே 39.

எனக்குத் தேவைப்பட்டது நிரை நிரல் மாற்று. இதில் வியப்பு என்னவெனில், நம்பை அப்போதும் ஓர் எண்ணைக்கூட நகர்த்துவதில்லை. அடுத்த மாணவருக்கு 4 அடி, அடுத்த பாடத்திற்கு 1 அடி என்ற நடைக்கணக்கை மட்டும் இடம் மாற்றிக்கொள்கிறது. அந்த அணியை மீண்டும் தட்டையாக்கும்போதுதான் 71, 45, 90, 64 எனப் புதிய வரிசை நினைவகத்தில் எழுதப்படுகிறது.

இப்போதெல்லாம் கூட்டுத்தொகையோடு நான் நிற்பதில்லை. அணியின் நடுவிலிருந்து ஒரு மதிப்பெண்ணை எடுத்துக் கையால் ஒப்பிடுகிறேன். முதல் எண்ணையோ கடைசி எண்ணையோ ஒப்பிட்டுப் பயனில்லை. 71-உம் 93-உம் எந்த முறையிலும் இடம் மாறுவதில்லை.