உங்களுக்குத் தெரியுமா? – வரைபடத்திலேயே தொடங்கும் உயிர்க்காப்பு

மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம் பக்கங்களிலிருந்து திருச்சி விமான நிலையம் வழியே சிங்கப்பூர் சென்று, வானளாவும் கட்டடங்களின் சாரங்களில் நின்று ஜீவனம் நடத்தும் நம் சகோதரர்களின் பிராணனைக் காக்கும் பொறுப்பு, அந்நாட்டுச் சட்டப்படி, கட்டடத்தை வரைகிறவரிடமிருந்தே ஆரம்பமாகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1 கோடி சிங்கப்பூர் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானங்களில், வேலைத்தலத்தில் நேரக்கூடிய அபாயங்களை வடிவமைக்கும்போதே ஆராய்ந்து களைய வேண்டும் என்னும் விதி 2016 ஆகஸ்டு முதல் அங்கே அமலில் இருக்கிறது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களைக் கணினியின் முப்பரிமாண மாதிரியாகச் சமர்ப்பிப்பது கட்டாயமாயிற்று. தூணும் உத்திரமும் படிக்கட்டும் தத்தம் அளவோடு இடம்பெறும் அம்மாதிரியில் கட்டும் கிரமத்தையும் நாள்வாரியாகச் சேர்த்துவிட்டால், இன்ன வாரத்தில் இன்ன தளத்தில் லிப்ட் குழி மூடாமல் கிடக்கும், இன்ன விளிம்பில் தடுப்பில்லை, கிரேனின் கரம் இன்ன இடத்தில் ஆட்களின் தலைக்கு மேலே சுழலும் என்பதெல்லாம், ஒரு செங்கல்லும் வைக்கப்படுமுன்பே பிரத்தியட்சமாகின்றன. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இடுப்புக்கு மேல் உயர்த்தி வரைந்தால், கட்டுகிறவர் மட்டுமல்ல, பின்னாளில் நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்ய ஏறுகிறவரும் காக்கப்படுகிறார். கூரைச் சட்டங்களைத் தரையிலேயே பொருத்தித் தூக்கி வைக்கும்படி வரைந்தால், உயரத்தில் செய்யும் வேலையே குறைந்துவிடுகிறது. திரையில் இத்திருத்தங்களுக்கு ஆகும் செலவு அற்பம். சாரத்தில் அவற்றைச் செய்யாமல் விட்டதற்குக் கொடுக்கும் விலையோ ஒரு குடும்பத்தின் சர்வஸ்வமும்.

நம் நாட்டின் 1998-ஆம் ஆண்டு மத்திய கட்டடத் தொழிலாளர் விதிகளும், திட்டமிடும் கட்டத்திலேயே தொழிலாளரின் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் கருத்தில் கொள்ளும் கடமையைக் கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் விதித்தன.