கணிப்பொறிக்கு ஏற்ற கிராபிக்ஸ் அட்டை எது?

1973ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தூத்துக்குடிக்கு அருகே, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் முத்துச்சிப்பிக்குள் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். கிளிஞ்சல் ஓட்டில் கடைந்த சிறு உருண்டை ஒன்றையும், வேறொரு சிப்பியின் போர்வைத் திசுவில் ஒரு துண்டையும் உயிருள்ள சிப்பிக்குள் வைப்பதே இம்முறையாகும். அவ்வுருண்டையைச் சுற்றி முத்துப் பூச்சு படிகிறது. உருண்டை பெரிதாக இருந்தால் முத்தும் பெரிதாகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், சிப்பி தாங்கக்கூடிய அளவை மீறினால் அது உருண்டையை உமிழ்ந்துவிடும், அல்லது மடிந்துபோகும். எனவே முதலில் அளக்கவேண்டியது உருண்டையை அன்று, சிப்பியையே!

இதே பாடம் இன்று தூத்துக்குடி இளைஞர் பலருக்கு வேறொரு துறையில் தேவைப்படுகிறது. அலுவலகங்களில் பயன்பட்டுக் கழிந்த கணிப்பொறி ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கி, அதில் புதிய விளையாட்டுகளை ஆடவும், முப்பரிமாணப் படங்கள் வரைந்து பழகவும் மாணவர் விரும்புகின்றனர். அதற்குக் கிராபிக்ஸ் அட்டை வேண்டும். உப்பளத்திலோ, விசைப்படகிலோ உழைக்கும் தந்தையின் பல வாரக் கூலி அந்த அட்டையின் விலையாகும். வாங்கி வந்தபின் அது பொருந்தாமற் போனால் இழப்பு பெரிது. பொருந்துமா என்பதை வாங்குமுன்பே கணக்கிட்டு அறியலாம். அவ்வழியைக் காண்போம்.

அட்டை செய்யும் வேலை

கணிப்பொறித் திரையில் தெரியும் படம் பல புள்ளிகளால் ஆனது. சாதாரண மானிட்டரில் கிடைவரிசையில் 1920 புள்ளிகளும், செங்குத்தாக 1080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 வரும். விளையாட்டில் படம் துள்ளாமல் ஓட, நொடிக்கு 60 படங்கள் தேவை. அப்படியானால் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடப்படவேண்டும்.

கணிப்பொறியின் மையச் செயலியில் சில கருக்களே உண்டு. அவை எவ்வகைக் கணக்கையும் விரைந்து செய்வன. ஆனால் ஒரே மாதிரியான சிறு கணக்குகளைக் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்ய அவை போதா. கிராபிக்ஸ் அட்டையின் செயலியிலோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சிறு கணக்கிடும் பகுதிகள் உள்ளன. உப்பளத்தில் ஒருவர் மட்டும் எவ்வளவு வேகமாக வாரினாலும், ஆயிரம் பேர் பாத்திக்கு ஒருவராக நின்று வாருவதற்கு ஈடாகாது அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

முதற் கேள்வி: செருகுமிடம்

தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், அட்டையைச் செருக நீண்ட பள்ளம் ஒன்று இருக்கும். அதன் பெயர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். 2004ஆம் ஆண்டளவில் புழக்கத்திற்கு வந்த இது, அதற்கு முந்தைய ஏ.ஜி.பி. என்னும் பள்ளத்துடன் சற்றும் பொருந்தாது. ஆனால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் பல பதிப்புகளும் தமக்குள் ஒத்துப்போவன. புதிய பதிப்பு அட்டையைப் பழைய பள்ளத்தில் செருகினாலும் அது வேலை செய்யும். வேகம் மட்டும் பழைய பதிப்பின் அளவில் நிற்கும்.

இப்பள்ளத்தில் 16 தடங்கள் உண்டு. மூன்றாம் பதிப்பில் ஒரு தடம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் செய்தியைக் கொண்டுசெல்லும். இரண்டாம் பதிப்பில் அதில் பாதியே. அட்டைகள் சில எட்டுத் தடங்களை மட்டும் பயன்படுத்துகின்றன; சில நான்கே பயன்படுத்துகின்றன. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் அட்டை நான்கு தடங்களை உடையது. இத்தகைய அட்டை பழைய தாய்ப்பலகையில், தன் நினைவகம் நிரம்பும் வேளைகளில், வெகுவாகத் தளர்ந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: இடம்

கேபினெட்டைத் திறந்து அளவுகோலால் அளந்து பாருங்கள். இரு விசிறி அட்டைகள் பெரும்பாலும் 20 செ.மீ. நீளத்தைத் தாண்டுவன. மூன்று விசிறி அட்டைகள் 30 செ.மீ. அளவும் இருக்கும். பல அட்டைகள் இரண்டு பள்ளங்களின் அகலத்தை அடைத்துக்கொள்ளும். ஒல்லியான அலுவலகக் கேபினெட்டுகளில் உயரமும் தடையாகும். அவற்றிற்கென்றே பின்தகடு 8 செ.மீ. அளவில் குறுக்கப்பட்ட அட்டைகள் கிடைக்கின்றன. வழக்கமான தகடு 12 செ.மீ. ஆகும்.

மூன்றாம் கேள்வி: மின்சாரம்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தைச் சிறு அழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டியை எஸ்.எம்.பி.எஸ். என்கிறோம். கிராபிக்ஸ் அட்டை வாங்கிக்கொள்வது பெரிதும் 12 வோல்ட் கம்பிகளிலிருந்தே. ஆகவே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் காணும் வாட் அளவை மட்டும் நம்பக்கூடாது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்கவேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 300 வாட் என்று எழுதிய பெட்டியில் 12 வோல்ட்டுக்கு மொத்தம் 22 ஆம்பியர் எனில், 12 × 22 = 264 வாட். கணிப்பொறியில் உள்ளது 2013இல் வந்த கோர் ஐ5-4570 செயலி என்போம். அதற்கு 84 வாட். தாய்ப்பலகை, ரேம், வட்டுகள், விசிறிகள் ஆகியவற்றிற்குச் சேர்த்து 50 வாட் ஒதுக்குவோம். இதுவரை 134. இதனுடன் 75 வாட் அட்டையைச் சேர்த்தால் 209 ஆகிறது. 55 வாட் மிச்சம். ஆனால் 170 வாட் வேண்டும் ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையைச் சேர்த்தால் 304 ஆகிவிடும். பெட்டி தாங்காது. மேலும், அட்டைகள் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் தம் வரம்பைத் தாண்டி மின்சாரத்தை இழுப்பதுண்டு. ஆதலால் மிச்சம் கட்டாயம் வேண்டும்.

பள்ளத்தின் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளில் தனி மின்செருகி இருக்கும். ஆறு ஊசிச் செருகி 75 வாட்டும், எட்டு ஊசிச் செருகி 150 வாட்டும் தரவல்லவை. செருகி இல்லாத பெட்டிகளுக்கு, வன்தட்டுக்குச் செல்லும் சாட்டா கம்பியை ஆறு ஊசியாக மாற்றும் மலிவான இணைப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. சாட்டா செருகியின் 12 வோல்ட் வரம்பு 54 வாட்தான். 75 வாட் அதன் வழியே பாய்ந்தால் செருகி சூடேறி உருகக்கூடும். இதைத் தவிர்ப்பதே நல்லது. தரமற்ற பெட்டி பழுதாகும்போது தான் மட்டும் போகாது. தாய்ப்பலகையையும் அட்டையையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும்.

ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகள், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

யு.பி.எஸ். வைத்திருப்போர் அதையும் கணக்கில் கொள்ளவேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 வி.ஏ. கருவி, பொதுவாக 360 வாட்டளவே தரும். மானிட்டரும் அதில்தான் இணைந்திருக்கும்.

நான்காம் கேள்வி: செயலி ஈடுகொடுக்குமா?

தூத்துக்குடியின் ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என இன்று பெயர் பெற்றிருப்பது அதுவே. அதற்கு முன்பு, கரையோரக் கடல் ஆழமற்றதாகையால், பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. கப்பல் எவ்வளவு பெரியதாயினும், ஒரு நாளில் கரை சேரும் சரக்கைத் தீர்மானித்தவை தோணிகளே.

கணிப்பொறியிலும் இவ்வாறே. ஒவ்வொரு படத்திலும் எது எங்கே நிற்கிறது, எது எதன்மேல் மோதுகிறது என்பவற்றை மையச் செயலி கணக்கிட்டு அட்டைக்கு அனுப்புகிறது. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில் ஒரு படத்திற்கு 16.7 மில்லி நொடிதான் உண்டு. செயலிக்கு 25 மில்லி நொடி பிடிக்கிறது என்றால், நொடிக்கு 40 படங்களே வரும். எத்தனை விலையுயர்ந்த அட்டையை மாட்டினாலும் அந்த 40, 41 ஆகாது.

ஏற்கெனவே ஓர் அட்டை வைத்திருப்போர் இதைத் தாமே சோதிக்கலாம். விளையாட்டின் அமைப்பில் திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். படங்களின் வேகம் நன்கு கூடினால் இதுவரை தடையாக இருந்தது அட்டை; மாற்றினால் பயனுண்டு. வேகம் கூடவேயில்லை எனில் தடை செயலியே. அப்போது அட்டைக்குச் செலவிடும் பணம் வீண்.

ஐந்தாம் கேள்வி: மானிட்டரும் மென்பொருளும்

பழைய மானிட்டர்களில் நீலநிற வி.ஜி.ஏ. செருகி மட்டுமே இருக்கும். புதிய அட்டைகளில் அவ்வகை வெளியீடு இல்லை, எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் ஆகியவையே உண்டு. எண்முறைக் குறிப்பை அலைமுறைக் குறிப்பாக மாற்றும் மின்சுற்றுடைய மாற்றி வேண்டும். வெறும் கம்பி போதாது. அன்றி, மானிட்டர் 1080 வரிசைகள் கொண்டதாயின், அதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகளுக்கான அட்டையை வாங்குவதிலும் பொருளில்லை.

அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் விசாரிக்கவேண்டும். 2016இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 10 வரிசை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபருடன் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மேலே கண்ட 2013ஆம் ஆண்டுச் செயலியோ விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலில் இல்லை.

பெயரைக் கண்டும் ஏமாறக்கூடாது. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 8 கிகாபைட் அட்டையும் உண்டு. 2024இல் வந்த 6 கிகாபைட் அட்டையும் உண்டு. முன்னது 130 வாட் கேட்கும். பின்னது 70 வாட்டில் இயங்கும். தனி மின்செருகி வேண்டாது. நம் எடுத்துக்காட்டுக் கணிப்பொறிக்கு இந்த இரண்டாவது அட்டையோ, 2019இல் வந்த மின்செருகியற்ற ஜி.டி.எக்ஸ். 1650 அட்டையோதான் மின்சாரக் கணக்கிற்கு ஏற்றது. ஆனால் மிகப் பழைய தாய்ப்பலகைகள் சில, புதிய அட்டையுடன் திரையில் எதையும் காட்டாமல் நின்றுவிடுவதுண்டு. எனவே முடிந்தால் கடையிலேயே மாட்டி, இயக்கிப் பார்த்து வாங்குக.

உப்புக் காற்று

நெய்தல் நிலத்தில் வாழ்வோருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள், விசிறி வழியே அட்டைமேல் படிந்து இவ்வாறு கரைந்தால், மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். அரித்த இடத்தில் பச்சை நிறம் தோன்றும்.

ஆதலால் கணிப்பொறியைக் கடலை நோக்கிய சாளரத்தின் கீழ் வைக்கலாகாது. மாதமொரு முறை மின்னிணைப்பைத் துண்டித்து, மென்தூரிகையால் தூசியை நீக்கவேண்டும். ஈரத்துணி கூடாது. அறை வெப்பம் ஏறினால் அட்டையின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவுக்கு ஏறும். எனவே கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் தவறு.

பயன்படுத்திய அட்டை வாங்குவோர் இரட்டிப்பு எச்சரிக்கையுடன் இருக்கவேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபின், இரவு பகலாக ஓடிய அட்டைகள் உலகச் சந்தையில் குவிந்தன. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டமெங்கும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீரில் கிடந்த பொருளைத் துடைத்துவிட்டால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. திருகாணிகளில் துரு, செருகுமுனைகளில் பச்சைப் படிவு, குளிர்விப்புத் தகடுகளின் இடுக்கில் சேறு ஆகியவை உண்டா என்று கைவிளக்கால் பார்த்துவிடுங்கள்.

சுருங்கக் கூறின், கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: பள்ளத்தின் பதிப்பு, கேபினெட்டில் உள்ள இடம், 12 வோல்ட்டில் கிடைக்கும் வாட், செயலியின் பெயர், மானிட்டரின் செருகி. கடைக்காரர் எந்த அட்டையைக் காட்டினாலும் இத்தாளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மற்ற நான்கால் பயனில்லை. அந்த ஒன்றைச் சரிசெய்ய ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே பணத்தை எடுங்கள்.