பரங்கிக்காயில் வளரும் பொறிவண்டு

செம்பருத்தித் தண்டிலும் கொய்யா இலையின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கிடப்பது மாவுப்பூச்சி. மேலே மெழுகுப்பொடி போர்த்தியிருப்பதால் மருந்துத் தண்ணீர் அதன் மேல் ஒட்டுவதில்லை. பெரும்பாலும் இதைத் தின்று வாழும் ஒரு பொறிவண்டு இருக்கிறது. பெயர் கிரிப்டோலேமஸ். ஊர் ஆஸ்திரேலியா. 1898இல் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்கக் கொண்டுவந்தார்கள். நான்கு மில்லிமீட்டர் நீளம், கறுத்த முதுகு, செம்பழுப்புத் தலை. தயிருக்கு உறையூற்றத் தெரிந்த யாரும் இதை வீட்டிலேயே வளர்க்கலாம்.

முதலில் பால் வேண்டும். இங்கே பால் என்பது பரங்கிக்காய். நன்றாக விளைந்ததாக, காம்போடு, பள்ளமும் மேடுமாக இருப்பதை வாங்குங்கள். பூச்சி ஒண்டுவது அந்தப் பள்ளங்களில்தான். கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். காயம் இருந்தால் மெழுகுவத்தியை உருக்கி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகிவிடும்.

அடுத்தது உறை. செடியிலிருந்து மாவுப்பூச்சியின் முட்டைப் பைகளை எடுத்துக் காயின்மேல் வையுங்கள். குஞ்சுகள் பொரிந்து, பரவி, காய் வெளுக்கச் சுமார் 15 நாள் ஆகும். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. உறையும் முன் வண்டை விட்டால் இரை போதாமல் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும்.

காய் வெளுத்த பிறகு, ஒரு பக்கம் வெள்ளைத் துணி கட்டிய பெட்டிக்குள் வைத்து வண்டுகளை விடுங்கள். நம் சிவகாசியில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. வண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, புது வண்டாக வர ஏறக்குறைய ஒரு மாதம். வெளிவந்தவை வெளிச்சம் தேடித் துணிப்பக்கம் கூடும், அங்கே பிடித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் செடியில் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு உறையூற்ற ஒரு கரண்டித் தயிர் மிச்சம் வைப்பதுபோல, சில வண்டுகளை அடுத்த காய்க்கு நிறுத்திவையுங்கள்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். கடல்நீர்த் தொட்டியில் தொல்லை தரும் சிறு கடல் சாமந்தியைத் தனியாக வளர்த்து, அதை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தையைப் பெருக்குகிறார்கள்.

பட்டாசுத் தொழிலுக்கு ஏற்ற நம் வறண்ட வெயில் வண்டுக்கு ஆகாது. அதனால் கத்திரி வெயிலைத் தவிர்த்து, மாலையில் விடுங்கள். அதற்கு முன் எறும்பை விரட்டுங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது.

இந்த வண்டின் புழுவும் வெள்ளை மெழுகிழைகளோடு, பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும். பலர் நசுக்கிவிடுவது இதைத்தான். குச்சியால் லேசாகத் தொடுங்கள். உடம்பு பெரிதாக, இழை நீளமாக, விறுவிறுவென ஓடினால் அது நம் ஆள். முதல் வண்டுகளுக்கு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். வண்டை விட்ட செடியில் மட்டும் மருந்து அடிக்காதீர்கள்.