வெளிநாட்டுப் படிப்பு: கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

நம் மஹல்லாவில் ஷிப்பிங் அலுவலகங்களிலும் கண்டெய்னர் யார்டுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் பிசினஸ் அனலிட்டிக்ஸ் முதுகலை படிக்க யோசனை கேட்டு வருகிறார்கள். படிப்பு நல்லதுதான். எந்தக் கண்டெய்னர் எத்தனை நாள் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று கணக்கிலிருந்து கண்டுபிடிப்பதும் அந்த வேலைதான். யார்டில் நின்றவருக்கு அதில் பாதி தெரியும்.

சிக்கல் பணத்தில். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்ற 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் இருப்பதாக யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வங்கிக் கடன் என்றால் வட்டி. ஹராம் என்பதோடு, உம்மாவின் நகையும் வீட்டுப் பத்திரமும் அடமானத்துக்குப் போகும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும்.

வேலையை விடாமலும் தொடங்கலாம். சென்னை ஐஐடி 2020இல் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. முதல் கட்டத்தின் எட்டுப் பாடங்களை முடித்துப் பாருங்கள். கணக்கு ஒத்துவருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விவரம் வேண்டுவோர் மதிப்பெண் பட்டியலுடன் ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகம் வரவும். பெற்றோரும் உடன் வந்தால் நல்லது.