பி.ஜி.எம். கேட்க நாலு பேர் வேண்டும்

டீ வரட்டும், அதற்குள் பின்னணி இசையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். பாட்டைத் தனியாகக் கேட்டு ரசிக்கலாம். பி.ஜி.எம். அப்படியில்லை. நாம் கதையில் மூழ்கியிருக்கும்போது அது சத்தமில்லாமல் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ஒரு காதுக்குத் தப்பியதை இன்னொரு காது பிடிக்க வேண்டும். அதனால்தான் கூட்டாளிகள் தேவை.

படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை சேர்க்கும் வேலை, தொடங்கும். இசையமைப்பாளர் படத்தை ரீல் ரீலாகப் பார்ப்பார். இசை எங்கே நுழைய வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று முடிவு செய்வார். இளையராஜா ரீலைப் பார்த்த கையோடு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து திரையில் ஓடும் காட்சிக்கு வாசித்தார்கள். அந்தக் காலத்துப் பின்னணி இசையில் மனிதர்கள் சேர்ந்து மூச்சு விடுவது கேட்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் ‘நாயகன்’ (1987) என்பேன். ‘தென்பாண்டிச் சீமையிலே’ மெட்டை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜா குரலில் வரும், கமல்ஹாசன் குரலில் வரும், குரலே இல்லாமல் வாத்தியத்திலும் வரும். மெட்டு ஒன்றுதான், ஆனால் வரும் இடத்துக்கு ஏற்ப அதன் பாரம் மாறும். ஒருவர் அது வரும் இடங்களைக் குறிக்கட்டும். இன்னொருவர் என்ன வாத்தியம் என்று கவனிக்கட்டும். மூன்றாமவருக்குத்தான் கடினமான வேலை: இசையே இல்லாத இடங்களைக் குறிக்க வேண்டும். எங்கே வாசிக்கக் கூடாது என்பதும் ஒரு முடிவுதானே! படம் முடிந்ததும் மூன்று குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். எத்தனையோ முறை பார்த்த படம் புதிதாகத் தெரியும்.

அடுத்த வாரம் ‘சைக்கோ’ (1960) போடலாம். பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து முழுப் படத்துக்கும் இசையமைத்தார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை முழுக்க அடக்கிப் பாருங்கள். பிறகு ஒலியோடு பாருங்கள். பயத்தில் பெரும் பங்கு வயலின்களுடையது என்பது அப்போது பிடிபடும்.

தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிகளைத் தர முடியாது. பேஸ் கிட்டார் ஏறக்குறைய காணாமல் போய்விடும், இளையராஜா இசையில் பாதி விளையாட்டு அங்கேதான் நடக்கிறது. ஓரளவு நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் இரண்டு போதும். ஹெட்போன் இருந்தால் இடப்பக்கத்தை மட்டும், பிறகு வலப்பக்கத்தை மட்டும் கேளுங்கள். பல பழைய ஸ்டீரியோ பதிவுகளில் ஒன்றோடொன்று கலந்து கேட்ட வாத்தியங்கள் அப்போது தனித்தனியாகப் பிரிந்து வரும்.

கூட்டத்தில் ராகம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது. எதுவுமே தெரியாதவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். “இங்கே ஏன் புல்லாங்குழல்?” என்று கேட்கப்போவது அவர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவரையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.