கலைஞரைக் கூட்டிய கலை

கவிதையைத் தனியொருவர் இயற்றலாம். ஓவியத்தையும் தனியொருவர் தீட்டலாம். ஆயின், இசையும் ஓவியமும் ஆடலும் ஓரரங்கில் இயையும் கூட்டுப் படைப்பினைத் தனியொருவர் ஆக்குதல் அரிது. வல்லார் பலர் கூடினால் மட்டும் அது அமைந்துவிடாது. அவரைக் கூட்டுவிப்பார் ஒருவரும் வேண்டும். கூட்டுவிப்பாரின் சிறப்பு யாது, அவர் தவறுமிடம் யாது என்னும் இரண்டினையும் உருசிய நாட்டவராகிய செர்கெய் தியாகிலெவ் (1872–1929) என்பாரின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

சட்டமும் இசையும் பயின்ற தியாகிலெவ், இசையமைப்பாளராகப் புகழ்பெற்றவர் அல்லர், ஓவியரும் அல்லர், ஆடுநரும் அல்லர். பிறர்தம் ஆற்றலை அரும்பு நிலையிலேயே கண்டறிதலும், அதற்கியைந்த துணையைத் தேடிக் கொடுத்தலுமே அவர்தம் கலை. பாரிஸ் நகரில் 1906 இல் உருசிய ஓவியக் காட்சியையும், 1907 இல் இசையரங்குகளையும், 1908 இல் ‘பொரிஸ் கொதுனொவ்’ என்னும் இசைநாடகத்தையும் அவர் நடத்தினார். 1909 இல் அந்நகரிலே அரங்கேறிய அவரது ‘உருசிய பலே’ ஆடற்குழு, அவர் மறையும்வரை நிலைத்தது.

அதற்கு முன்னர் உருசிய அரசவை அரங்குகளில் நிலவிய வழக்கம் வேறு. இத்துணை அளவு, இன்ன கதி என ஆடலாசிரியர் வரையறுத்துக் கொடுக்க, இசையமைப்பாளர் அதற்கேற்ப எழுதுவார். 1890 இல் அரங்கேறிய ‘துயிலும் அழகி’க்குச் சைக்கோவ்ஸ்கியும் பெற்றிப்பாவின் குறிப்புக்களைத் தழுவியே இசையமைத்தார். அம்முறையினும் சிறந்த படைப்பு எழுந்தது உண்மையே. எனினும், கலைஞர் பலரும் படைப்பு உருப்பெறும்போதே உடனிருந்து ஆராய்தல் வேண்டும் என்பது தியாகிலெவின் கொள்கை.

1910 இல் அரங்கேறிய ‘தீப்பறவை’ இதற்குச் சான்றாகும். முதலில் மூத்தவராகிய லியாதொவை நாடிய தியாகிலெவ், பின்னர் இருபத்தேழு வயதினராகிய இகோர் ஸ்ராவின்ஸ்கியிடம் இசைப்பொறுப்பை ஒப்படைத்தார். ஆடலமைத்த போக்கீன் காட்சிகளை நடித்துக் காட்ட, ஸ்ராவின்ஸ்கி பியானோவில் அவற்றுக்கேற்ற இசையை வாசித்துப் பார்ப்பார். இவ்வாறு பகுதி பகுதியாக இருவரும் ஒன்றியே அதனை வளர்த்தனர். 1913 இல் பெருங்குழப்பத்தினிடையே அரங்கேறிய ‘வசந்தப் பலி’யின் கதையமைப்பினையும், பண்டைச் சிலாவியர் வாழ்வை ஆராய்ந்த ஓவியர் ரோறிக்குடன் ஸ்ராவின்ஸ்கி முன்னரே கலந்து வகுத்திருந்தார்.

ஆயினும், கூடியாக்கிய பொருளில் எவர் பங்கு எவ்வளவு என்று பிரித்தல் எளிதன்று. பிணக்கு முளைப்பதும் அவ்விடத்தேதான். 1910 இல் அரங்கேறிய ‘செகரசாத்’ ஆடலின் கதையமைப்பிற் பெரும்பங்கு தம்முடையதென்று கருதியிருந்தார் ஓவியர் அலெக்சாந்தர் பெனுவா. நிகழ்ச்சி நிரலிலோ மற்றோர் ஓவியராகிய பாக்ஸ்ற்றின் பெயர் இருந்தது. அதுகண்டு பெனுவா மனம் நொந்து விலகினார். பொருளிழப்பினும் பெயரிழப்பே கலைஞனைப் பெரிதும் வருத்தும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அப்பிணக்கு மற்றொரு படைப்பினால் ஆறியது. ஸ்ராவின்ஸ்கி பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக ஓரிசையை எழுதத் தொடங்கியிருந்தார். சுவிற்சலாந்தில் அதனைக் கேட்ட தியாகிலெவ், அதிலே ஓராடலின் வித்து உளதென்று உணர்ந்தார். உருசியச் சந்தைப் பாவைக்கூத்தில் இளமை தொட்டே ஈடுபட்டிருந்த பெனுவாவை மீண்டும் அழைத்தார். அவ்வாறு பிறந்ததே 1911 இல் அரங்கேறிய ‘பெத்ருஷ்கா’. கதையாசிரியராக இருவர் பெயரும் ஒருங்கே இடம்பெற்றன. ஸ்ராவின்ஸ்கி அவ்விசையைப் பெனுவாவுக்கே உரிமையாக்கினார்.

தியாகிலெவ் இப்பாடத்தை எப்போதும் கடைப்பிடித்தார் என்று சொல்லுதற்கில்லை. 1914 இல் இலண்டனில் ராவெலின் ‘தப்னிசும் குளோயும்’ நிகழ்ந்தபோது, அதற்குரிய பாடகர் குழுவினை அவர் நீக்கினார். ராவெல் பத்திரிகை வாயிலாகத் தம் மறுப்பினை வெளிப்படுத்தினார். செலவு குறைதல் கூட்டுவிப்பார்க்கு வசதியாகலாம். இசையமைப்பாளர்க்கோ அது படைப்பின் உறுப்பொன்றை வெட்டியதற்கு ஒப்பாகும்.

1929 இல் தியாகிலெவ் வெனிசு நகரில் மறைந்தார், குழுவும் கலைந்தது. கூட்டுவிப்பார் இன்றேற் கூட்டும் இல்லை என்பதை அது காட்டிற்று. எனவே, கலைஞரைக் கூட்டுவார் மனங்கொள்ள வேண்டியவை மூன்று: தொடக்கத்திலேயே யாவரையும் ஒருங்கிருத்தல், உடன்பாடின்றி ஒருவர் படைப்பினை மாற்றாமை, அவரவர்க்குரிய பெயரை அவரவர்க்கே வழங்குதல். முதலாவது நல்ல படைப்பினை ஆக்கும். ஏனைய இரண்டும் அதனைப் படைத்தோர் மீண்டும் ஒன்றுகூட வழிவகுக்கும்.