மாடு படுக்கும் தரை

அயர்லாந்தில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள் கோடையெல்லாம் புல்வெளியில் மேயும். நவம்பர் வாக்கில் கொட்டகைக்குள் போனால், வெளியே வர மார்ச் ஆகிவிடும். மழையில் ஊறிய மண் மாட்டின் கனத்தைத் தாங்காது. குளம்பு பட்டுப் புல்தரை சேறாகிவிடும். உள்ளே அடைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கே கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில், குளிருக்கு இரக்கப்பட்டு எல்லாச் சந்துகளையும் தகரம் வைத்து மூடிய கொட்டகைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இரக்கம் மாட்டுக்குக் கெடுதல்.

அசைபோடும் விலங்கின் வயிற்றில் தீவனம் ஓயாமல் நொதிக்கிறது. அந்தச் சூடே அதற்குக் கம்பளி. உடம்பு நனையாமல், வாடை நேராக அடிக்காமல் இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரையும் வளர்ந்த மாடு தாங்கும். அடைத்த கொட்டகையிலோ மூச்சின் ஈரமும் மூத்திரத்தின் அமோனியாவும் வெளியேற வழியில்லாமல் தங்கி, இளம் மாடுகளுக்கு நிமோனியா வருகிறது. கூரை முகட்டில் திறப்பும் பக்கச் சுவரில் இடைவெளியும் இருந்தால் சூடான காற்று மேலே போய்விடும், புதுக்காற்று பக்கத்திலிருந்து வரும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை.

நான் அதிகம் வாதாடியது தரைக்காகத்தான். அங்கே பரவலாக இருப்பது இடைவெளி விட்டுப் பதித்த கான்கிரீட் பலகைகள். சாணியும் மூத்திரமும் கீழே தொட்டியில் விழும். பிறகு வயலுக்கு உரமாகும். தானியம் அதிகம் விளையாத மேற்குப் பகுதியில் படுக்கைக்கு விரிக்கும் வைக்கோல் விலை அதிகம் என்பதால் விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. (அந்தத் தொட்டியைக் கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு மாட்டையும் மனிதரையும் கொன்றிருக்கிறது. மாடுகளை வெளியேற்றாமல் கலக்கவே கூடாது.)

மாடு முன்னங்காலை மண்டியிட்டு, தலையை முன்னே வீசி, பின்பக்கத்தை முதலில் தூக்கித்தான் எழும். வழுக்கும் கான்கிரீட்டில் அது தயங்கும். சில மாடுகள் நாயைப் போலக் குந்தி உட்கார்ந்துவிடும். நெரிசலில் வால் மிதிபட்டு நுனி அழுகுவதும் உண்டு. தேர்ந்தெடுக்க விட்டால் வெறும் கான்கிரீட்டைவிட வைக்கோலிலும் ரப்பர் விரிப்பிலுமே மாடு படுக்கிறது. ஒரு நாளில் பாதி நேரம் படுத்திருக்கும் பிராணிக்கு இது சின்ன விஷயமா?

தரையைப் போலவே இடமும் முக்கியம். கூட்டமாக வளரும், 220 கிலோ தாண்டிய கன்றுக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். கன்றுக்கு ஆறு மாதம் கடந்ததும் அந்தக் கணக்கு பொருந்தாது. 600 கிலோ மாட்டுக்கும் சட்டத்தில் ஓர் அளவு எழுதப்பட வேண்டும்.